விசேட தேவையுள்ள பிள்ளைக்கு நத்தார் விளையாட்டுச் சாமான்: மலையகப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசெம்பர் பிறந்ததும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுன்களில் பொம்மைக் கடைகள் நடைபாதை வரை வந்துவிடும். ரிமோட் கார், பேசும் பொம்மை, மின்னும் பம்பரம் என்று கண்ணைப் பறிக்கும் சாமான்கள் வரிசையாகத் தொங்கும். ஆனால் கைவிரல் இறுகிய பிள்ளைக்கு எது பொருந்தும், பார்வை குறைந்த பிள்ளைக்கு எது பிடிக்கும், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம் என்று எந்தக் கடையிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

அதனால் பல வீடுகளில் அந்தப் பிள்ளைக்குப் புதுச் சட்டை மட்டும் கிடைக்கிறது. விளையாட்டுச் சாமான் அண்ணனுக்கும் தங்கைக்கும் போகிறது. விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை. ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆவது உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதி செய்தது. இந்த நத்தாருக்கு அந்தப் பிள்ளையின் கையிலும் அதற்கென்றே தேர்ந்தெடுத்த ஒரு சாமான் இருக்கட்டும். அதை எப்படித் தேர்வது, எவ்வளவு செலவாகும், எதில் கவனம் வேண்டும் என்பதைத் தொடக்கத்திலிருந்து சேர்ந்தே பார்ப்போம்.

முதலில் ஒரே ஒரு விதி

பெட்டியில் அச்சிட்ட வயதைப் பார்த்து வாங்க வேண்டாம். வைத்தியர் எழுதிக் கொடுத்த நோயின் பெயரைப் பார்த்தும் வாங்க வேண்டாம். நம் பிள்ளை இன்றைக்கு எதை விரும்பிச் செய்கிறது, எந்தக் கை அசைகிறது, எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதைப் பார்த்து வாங்குவோம்.

எட்டு வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் வாயில் வைக்கும் பருவத்திலேயே இருக்கலாம். அதற்கு எட்டு வயதுக்கான சின்னச் சின்னக் கட்டைகள் ஆபத்து. மூளை வாதம் உள்ள பிள்ளை கையால் ஒரு பொத்தானை அழுத்தவே சிரமப்படலாம்; ஆனால் அறிவால் தன் வயதுக்குரிய கதையும் போட்டியும் கேட்கும். அதற்குக் கிலுகிலுப்பையைக் கொடுத்தால் அவமானமாக இருக்கும். வாய்க்கும் கைக்கும் எது பாதுகாப்பு என்பது ஒரு கேள்வி, மனதுக்கு எது பிடிக்கும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

எப்போது தொடங்குவது?

நத்தாருக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். அந்த நான்கு ஞாயிறுகளையே நம் கால அட்டவணையாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஞாயிறு: பிள்ளையைக் கவனிப்பது.

இரண்டாம் ஞாயிறு: தெரிந்தவர்களிடம் கேட்டுப் பட்டியல் போடுவது.

மூன்றாம் ஞாயிறு: வாங்குவது. இது எப்போதும் டிசெம்பர் 11க்கும் 17க்கும் இடையில்தான் வரும். பத்தாம் திகதிச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது வசதியான நாள்.

நான்காம் ஞாயிறு: திறந்து பார்த்து, சோதித்து, பொதி கட்டுவது.

கடைசி வாரத்தில் டவுனில் நெரிசலும் கூடும், விலையும் கூடும். அப்போது கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் நிலை வரக்கூடாது.

முதல் ஞாயிறு: பிள்ளையைக் கவனிப்போம்

ஒரு கொப்பித் தாளை எடுத்து, அந்த வாரம் முழுவதும் ஐந்து விஷயங்களை எழுதுவோம்.

*கை:* எந்தக் கையால் பொருளை எடுக்கிறது? முழுக் கையால் பிடிக்கிறதா, இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிறதா? பிடித்ததை விட முடிகிறதா?

*கண்:* எந்தப் பக்கம் வைத்தால் பார்க்கிறது? எந்த நிறத்துக்குத் திரும்புகிறது? நகரும் பொருளைக் கண் தொடர்கிறதா?

*காது:* எந்தச் சத்தம் பிடிக்கிறது? பிரஷர் குக்கர் விசில், பட்டாசு, கோயில் மணி இவற்றில் எதற்கு அழுகிறது?

*வாய்:* சாமானைக் கடிக்கிறதா, சப்புகிறதா, விழுங்கப் பார்க்கிறதா?

*ஆசை:* யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகத் தேடிப் போவது எது? தண்ணீரா, சக்கரமா, துணி விளிம்பா, போனில் வரும் பாட்டா?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். சட்டி மூடியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குச் சுழலும் சாமான் பிடிக்கும். தண்ணீர்க் குழாயடியை விட்டு வராத பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும் சாமான் பிடிக்கும். பிள்ளை தன் விருப்பத்தைத் தினமும் நமக்குக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதை எழுதி வைப்பது மட்டுமே நம் வேலை.

இரண்டாம் ஞாயிறு: யாரிடம் கேட்பது?

எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, பிள்ளையை அறிந்தவர்களிடம் போவோம்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை இருந்தால் அங்கே பொறுப்பாக உள்ளவரிடம், அங்கிருக்கும் சாமான்களில் பிள்ளை எதை எடுக்கிறது என்று கேட்போம். பாடசாலையில் விசேட கல்வி அலகு இருந்தால் அந்த ஆசிரியரிடம் கேட்போம். கிளினிக்குக்குப் போகும் நாளில் மருத்துவிச்சி அம்மாவிடம் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் காட்டிப் பேசலாம்.

டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ ஏற்கெனவே போய்வருபவர்கள், அங்கே பார்க்கும் சிகிச்சையாளரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இந்தப் பிள்ளைக்கு வீட்டில் எந்த அசைவைப் பழக்க வேண்டும்?” அவர் சொல்லும் அசைவை வரவைக்கும் சாமானே நல்ல சாமான். நுவரெலியாவில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காக நீண்ட காலமாக இயங்கும் மென்கஃபெப் நிறுவனத்திடமும் யோசனை கேட்கலாம். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்கும் அயதி நிலையம் நாட்டளவில் இத்தகைய பிள்ளைகளுக்கான இடம். கொழும்புப் பக்கம் போகும் குடும்பங்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பிள்ளைக்கு எது?

*கைகால் இறுக்கமும் மூளை வாதமும் உள்ள பிள்ளைக்கு*

பெரிய பிடி, குறைந்த பாரம், வழுக்காத அடி. இந்த மூன்றும் வேண்டும். துணிப் பந்து, சின்னப் பிள்ளையென்றால் தடித்த கைப்பிடி உள்ள கிலுகிலுப்பை, ஒரு தட்டுத் தட்டினால் உருளும் டிரம், காந்தம் உள்ளே முழுமையாக மூடப்பட்ட பெரிய கட்டைகள் நல்லவை. மெல்லிய கைப்பிடியைப் பழைய துணியோ ஸ்பொன்ஜோ சுற்றித் தடிப்பாக்கலாம். சாமான் நழுவி ஓடாமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்புத் துண்டு ஒன்றை வைக்கலாம்.

நம் ஊர்க் குளிரில் இறுகிய தசை இன்னும் இறுகும். விளையாட உட்காரவைக்கும் முன் பிள்ளையின் கையை வெதுவெதுப்பான தண்ணீரிலோ நம் உள்ளங்கையிலோ வைத்துச் சூடாக்குவோம். இரும்புச் சாமானைத் தவிர்ப்போம். காலையில் தொடவே முடியாத அளவுக்குக் குளிரும். உட்காரும் நிலை சரியாக இருந்தால்தான் கை வேலை செய்யும் என்பதால், சுவர் மூலையில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைப்பதும் விளையாட்டின் ஒரு பகுதி.

*பார்வை குறைந்த பிள்ளைக்கு*

ஓசை, தடவினால் தெரியும் வேறுபாடு, பளிச்சென்ற இரு நிறம். உள்ளே மணி வைத்த பந்து, வெவ்வேறு துணிகள் தைத்த புத்தகம், மேளம், மவுத் ஓர்கன் எல்லாம் பொருந்தும். கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைக்குக் கறுப்பு மேல் மஞ்சள், கறுப்பு மேல் வெள்ளை நன்றாகத் தெரியும். நம் பல்லாங்குழி இந்தப் பிள்ளைகளுக்கு அருமையான விளையாட்டு. குழியைத் தடவலாம், காயை எண்ணலாம், அக்காவோடு போட்டி போடலாம். வாயில் வைக்கும் பழக்கம் விட்ட பிள்ளைக்கு மட்டும் அது.

பிரெயில் படிக்கும் பிள்ளைக்கு லெகோ நிறுவனம் எழுத்துப் புள்ளிகள் கொண்ட கட்டைகளை 2020இலிருந்து கல்வி நிறுவனங்களுக்கு இலவசமாகவும், 2023இலிருந்து கடைகளிலும் தருகிறது. வெளிநாட்டில் உறவினர் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் தமிழ்ப் பிரெயிலில் சில புள்ளி அமைப்புகள் வேறு ஒலியைக் குறிக்கும் என்பதால் ஆசிரியரிடம் காட்டிய பின் பயன்படுத்துவோம்.

*கேட்கும் திறன் குறைந்த பிள்ளைக்கு*

வெளிச்சம், அதிர்வு, சுழற்சி. பம்பரம், நிறம் மாறும் விளக்குப் பொம்மை, கையில் அதிர்வது தெரியும் மேளம், படத்தோடு படம் சேர்க்கும் அட்டைகள் வாங்கலாம். கெரம் போர்ட், தாயம் போலப் பேச்சில்லாமலே முறை வைத்து ஆடும் விளையாட்டு, மற்றப் பிள்ளைகளோடு சமமாக உட்கார வைக்கும்.

*ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு*

எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி நடக்கும் சாமான் வேண்டும். திடீரென்று கத்தும், பாயும் பொம்மை வேண்டாம். சக்கரம், வரிசையாக அடுக்கும் கட்டை, ரயில் பாதை, பிசையும் மா, ஓட்டையில் போட்டால் கீழே வரும் பந்து பிடிக்கும். பிள்ளை காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுழற்றினால் தடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நாமும் சுழற்றுவோம். அங்கிருந்துதான் சேர்ந்து விளையாடுவது தொடங்கும்.

*டவுன் சின்ட்ரோம் உள்ள, கற்றலில் மெதுவான பிள்ளைக்கு*

ஒரே செயலில் பலன் தெரியும் சாமான்: அழுத்தினால் பாட்டு, போட்டால் ஓசை, தள்ளினால் ஓட்டம். அதன் பின் மூன்று நான்கு துண்டு உள்ள மரப் புதிர், பெரிய மணி கோர்த்தல், சமையல் சாமான், பொம்மைக்குச் சோறூட்டல். பாவனை விளையாட்டுப் பேச்சை வளர்க்கும். அம்மா கொழுந்துக் கூடை மாட்டுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குச் சின்னக் கூடை ஒன்றே போதும், நாள் முழுக்க விளையாடும்.

*ஓரிடத்தில் நில்லாத பிள்ளைக்கு*

உடம்பை அசைக்கும் சாமான்: பெரிய ரப்பர் பந்து, கயிறு, வளையம், தள்ளு வண்டி. லயத்துக் காம்பராவில் இடம் குறைவு, டிசெம்பர் மழையில் வெளியேயும் போக முடியாது. அதனால் சுருட்டி வைக்கக்கூடிய விரிப்பு, அதன்மேல் குதித்துக் கால் வைக்கும் நிறக் கட்டங்கள் என்று யோசிக்கலாம்.

மின்னணு விளையாட்டு: எப்படித் தொடங்குவது?

புதிய கருவி வாங்கும் முன், வீட்டில் உள்ள பழைய போனைப் பார்ப்போம். அன்ட்ரொய்ட் போனில் ஏற்கெனவே நமக்குத் தேவையான பல வசதிகள் இருக்கின்றன. அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போவோம்.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டோக்பேக் வசதி பார்வை குறைந்த பிள்ளைக்கு உதவும். தமிழ்க் குரலும் உண்டு. ஸ்விட்ச் அக்ஸஸ் வசதி, திரையைத் தொட முடியாத பிள்ளை வெளியே இணைத்த ஒரு பொத்தானாலேயே போனை இயக்க உதவும். ஒரு செயலியை விட்டு வேறொன்றுக்குத் தாவாமல் பூட்டி வைக்கும் வசதி பாதுகாப்பு அமைப்புகளில் இருக்கும்.

அடுத்து விளையாட்டு. ஜீகொம்ப்ரி என்ற செயலி இரண்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கானது. இலவசம், விளம்பரம் இல்லை, பழைய கணினியிலும் ஓடும். சொல் தெரியாமலே ஆடக்கூடிய எளிய விளையாட்டுகள் அதில் நிறைய உண்டு. டவுனில் சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் இறக்கிவிட்டு, வீட்டில் டேட்டாவை அணைத்துவிட்டே ஆடவிடலாம். பேச்சு வராத பிள்ளைக்குப் படத்தைத் தொட்டால் பேசும் செயலி வேண்டுமென்றால், சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலும் பேசுகிறது. அது கட்டணச் செயலி; பேச்சுச் சிகிச்சையாளர் சொன்ன பிறகு வாங்குவோம்.

நேரம் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டல்படி, இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நம் பிள்ளைக்கு இன்னொரு விதியும் சேர்ப்போம்: போன் விளையாட்டு பெரியவர் மடியிலோ பக்கத்திலோதான். தனியே கொடுத்தால் அது பிள்ளையை அமைதிப்படுத்தும் கருவியாகிவிடும், விளையாட்டாக இருக்காது.

டிவியோடு இணைக்கும் கேம் கருவிகளிலும் வழி பிறந்திருக்கிறது. மைக்ரோசொஃப்ட் 2018இல் எக்ஸ்பொக்ஸ் கருவிக்கென, கை இயங்காதவர்களும் ஆடும்படி இரண்டு பெரிய பொத்தான்கள் உள்ள கட்டுப்பாட்டுப் பலகையைக் கொண்டுவந்தது. சோனி 2023இல் பிளேஸ்டேஷனுக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. எக்ஸ்பொக்ஸ் பலகையின் தொடக்க விலையே ஏறத்தாழ 100 டொலர். நாம் முதல் வருடத்திலேயே அங்கே போகத் தேவையில்லை. கீழே சொல்லும் வழி அதற்கு முன்னோடி, செலவும் குறைவு.

ஒரே பொத்தானில் ஓடும் பொம்மை: டவுன் ரிப்பேர் கடையில் செய்யலாம்

சாதாரணப் பற்றரிப் பொம்மையின் சுவிட்ச் மிகச் சிறியது. கை இறுகிய பிள்ளையால் அதைத் தள்ள முடியாது. ஆனால் பெரிய பொத்தானைத் தட்ட முடியும். பொம்மையை உடைக்காமலே அந்தப் பெரிய பொத்தானை இணைக்கலாம்.

1. பொம்மையைத் தேர்வோம். பென்சில் பற்றரி போட்டு, சுவிட்சைத் தள்ளியதும் தொடர்ந்து ஓடும் நாய்க்குட்டி, ரயில், குமிழி விடும் கருவி போன்றது வேண்டும். ரிமோட் பொம்மை, அழுத்தினால் மட்டும் பேசும் பொம்மை சரிவராது.

2. பற்றரி முனை அளவில் இரண்டு மெல்லிய செப்புத் தகடுகளை வெட்டி, நடுவே மின்சாரம் கடக்காத பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து ஒட்டவேண்டும்.

3. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மெல்லிய வயரைப் பற்ற வைத்து, வயரின் மறுமுனையில் இயர்போன் குத்தும் சொக்கெட்டைப் பொருத்தவேண்டும்.

4. இந்தத் தகட்டைப் பற்றரிக்கும் அது தொடும் முனைக்கும் இடையில் செருகி, பொம்மையின் சுவிட்சை ஓன் செய்துவிடவேண்டும். இப்போது மின்சாரம் நடுவில் தடைபட்டிருப்பதால் பொம்மை ஓடாது.

5. கோலிங் பெல் சுவிட்ச் ஒன்றை ஒரு பிளாஸ்டிக் டப்பா மேல் பொருத்தி, அதன் வயரில் இயர்போன் முள்ளை இணைத்து, சொக்கெட்டில் குத்தவேண்டும். சுவிட்சின் மேல் அகலமான மூடி ஒட்டினால் கையின் எந்தப் பகுதியாலும் அழுத்தலாம். அழுத்தினால் பொம்மை ஓடும், விட்டால் நிற்கும்.

வானொலி, போன் திருத்தும் கடைக்காரருக்கு இந்த ஐந்து படியையும் வாசித்துக் காட்டினால் புரிந்துகொள்வார். பற்றரிப் பொம்மைக்கு மட்டுமே இதைச் செய்யலாம். சுவர் மின்சாரத்தில் ஓடும் எதிலும், சார்ஜ் ஏற்றும் லித்தியம் பற்றரி உள்ள எதிலும் கை வைக்கக் கூடாது.

தான் அழுத்தியதால்தான் அது ஓடியது என்று முதன்முறை உணரும் பிள்ளைக்கு, உலகத்தில் தன்னால் ஒன்றை நடத்த முடியும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. இந்தப் பொத்தான் பழகிய பிள்ளை பின்னாளில் போனையும் கணினியையும் அதே முறையில் இயக்கப் பழகலாம்.

எவ்வளவு?

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது. சாமானின் விலையை இன்றைய நாட்சம்பளத்தை வைத்து, எத்தனை நாள் பேர் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். நம் பணத்துக்கேற்ப மூன்று வரம்புகளில் திட்டமிடலாம்.

*500 ரூபாய்க்குள்:* பெரும்பாலும் வீட்டில் செய்வது. மூடியை இறுக ஒட்டிய பிளாஸ்டிக் போத்தலில் நிறத் தண்ணீரும் மினுமினுப்பும். துண்டுத் துணிகள் தைத்த தடவல் புத்தகம். அரிசி அடைத்த துணிப் பந்து. கோதுமை மா, உப்பு, தண்ணீர் பிசைந்த விளையாட்டு மா. பழைய பொருள்களில் பொம்மை செய்யக் கற்றுத்தரும் இந்தியாவின் அரவிந்த் குப்தா இந்தத் துறையில் நமக்குப் பெரிய ஆசான். 2018இல் பத்மஶ்ரீ பெற்றவர். அவருடைய செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

*1,500 ரூபாய்க்குள்:* ஏறத்தாழ ஒரு நாள் பேர். பந்து, மேளம், மரப் புதிர், அடுக்கும் கட்டை போன்ற, பற்றரி இல்லாத நல்ல சாமான் ஒன்று.

*5,000 ரூபாய்க்குள்:* பற்றரிப் பொம்மை ஒன்றும், அதற்குப் பெரிய பொத்தான் செய்யும் கூலியும். திரும்பச் சார்ஜ் செய்யும் பென்சில் பற்றரி வாங்கினால் முதலில் கூடுதல் செலவு, பிறகு மிச்சம்.

பொம்மையின் விலையோடு மூன்று மாதப் பற்றரிச் செலவையும் கூட்டிப் பார்ப்போம். பற்றரிக்குக் காசில்லாமல் அலமாரியில் ஏறும் பொம்மையை விட, துணிப் பந்து எவ்வளவோ மேல். விளையாட்டுச் சாமானுக்காக நுண்கடனோ வட்டிக் கடனோ வாங்கவே வேண்டாம். பிள்ளைக்கு வேண்டியது நம் நேரமும் சேர்ந்து உட்காரும் மனமும்.

மூன்றாம் ஞாயிறு: கடையில் என்ன பார்ப்பது?

முடிந்தால் பிள்ளையைக் கூட்டிச் செல்வோம், ஆனால் கூட்டம் கூடும் முன் காலையிலேயே. கையில் எடுத்ததும் ஐந்து சோதனை.

இழுத்துப் பார்ப்போம்: கண், சக்கரம், பொத்தான் கழன்று வருகிறதா? முகர்ந்து பார்ப்போம்: கடுமையான இரசாயன வாசம் வந்தால் வைத்துவிடுவோம். காதருகே வைத்துக் கேட்போம்: நமக்கே உறுத்தினால் பிள்ளைக்குக் கூடாது. விளிம்பைத் தடவுவோம்: கூரா? பற்றரி மூடியைப் பார்ப்போம்: ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா, விரலால் திறக்கிறதா?

பற்றரி போட்டு இயக்கிக் காட்டச் சொல்வோம். பில் கேட்டு வாங்குவோம். பிள்ளைக்குப் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவாரா என்று பணம் கொடுக்கும் முன் கேட்போம். பழுதான சாமானுக்கு நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

இணையத்தில் வாங்கினால் டிசெம்பர் முதல் வாரத்துக்குள் பதிவு செய்வோம். தோட்டத்து முகவரிக்குப் பொதி வந்து சேரச் சுணங்கலாம். டவுனில் தெரிந்த கடையின் முகவரியைக் கேட்டுப் போடுவது பத்திரம். படத்தை மட்டும் நம்பாமல் சாமானின் நீள அகலத்தை வாசித்துப் பார்ப்போம். பெரிதாகத் தெரிவது கையடக்கமாக வந்து சேரலாம்.

எச்சரிக்கை: இவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம்

*பொத்தான் பற்றரி:* மினுங்கும் பொம்மை, சின்ன ரிமோட், பாட்டு வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இருக்கும் காசு போன்ற பற்றரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரிக்கத் தொடங்கும். தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்குப் போகும் நேரத்தையும் இதில் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். வாயில் வைக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இந்தப் பற்றரி உள்ள சாமானே வேண்டாம். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறிக்குக் காத்திராமல், 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்குப் போவோம்.

*சின்னக் காந்தங்கள்:* இரண்டு காந்தம் குடலுக்குள் போனால் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கும்.

*ஊறிப் பெருகும் வண்ண மணிகள்:* தண்ணீரில் போட்டால் வீங்கும் இந்த மணிகள், தடவி விளையாட நல்லவை என்று விற்கப்படுகின்றன. விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அப்படியே பெருத்துக் குடலை அடைக்கும். நம் பட்டியலில் இது வேண்டாம்.

*மின்னும் வெளிச்சம்:* வலிப்பு வரும் பிள்ளைகளில் சிலருக்கு வேகமாக மின்னும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டும். 1997 டிசெம்பரில் ஜப்பானில் போகிமொன் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்ன, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நம் பிள்ளைக்கு வலிப்பு உண்டென்றால் மின்னும் பொம்மையும் கேமும் வாங்கும் முன் வைத்தியரிடம் கேட்போம்.

*நீண்ட கயிறும் பலூனும்:* கழுத்தில் சுற்றும் நீளமுள்ள கயிறு வேண்டாம். வெடித்த பலூன் துண்டு மூச்சை அடைக்கும்; உடனே பொறுக்கிவிடுவோம்.

நான்காம் ஞாயிறு: சோதித்துப் பொதி கட்டுவோம்

பிள்ளை தூங்கிய பின் பெட்டியைத் திறப்போம். கட்டுக்கம்பி, பிளாஸ்டிக் உறை, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்து எறிவோம். பற்றரி போட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாகிறதா என்று பார்ப்போம். சத்தம் கூடுதலென்றால் ஒலிபெருக்கித் துளைகள் மேல் பிளாஸ்டர் ஒட்டினால் குறையும்.

பொதியை இலகுவாகத் திறக்கும்படி கட்டுவோம். டேப் குறைவாக, ஒரு பக்கம் நாடா நீட்டியிருக்கட்டும். இழுத்தால் அவிழ வேண்டும். பார்வை குறைந்த பிள்ளைக்குத் துணியால் சுற்றி ஒரு மணி கட்டலாம்.

நத்தார் அன்று

பட்டாசு, பாட்டு, உறவினர், நத்தார் தாத்தா எல்லாம் ஒன்றாக வந்தால் சில பிள்ளைகள் திணறிவிடும். நடுராத்திரிப் பூசைக்கு முன்பே அன்று என்னென்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து காட்டுவோம். நத்தார் தாத்தா வேடம் போடுபவரைப் பிள்ளை அறிந்தவராகப் பார்த்து, முகமூடி இல்லாமல் வரச் சொல்வோம்.

ஒரு நேரத்தில் ஒரு சாமான் போதும். முதலில் நாம் விளையாடிக் காட்டுவோம், பிறகு காத்திருப்போம். கையை எடுத்து அழுத்தி வைக்க அவசரம் வேண்டாம். அண்ணன் தங்கைகளுக்கும் அந்தச் சாமானில் ஒரு முறை கொடுத்தால்தான் விளையாட்டு ஒட்டிக்கொள்ளும். பிள்ளை அதைத் தொடவே இல்லையென்றால் கவலை வேண்டாம். ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்து வைப்போம்.

நத்தாருக்குப் பின்

மூடுபனியும் ஈரமும் பற்றரி முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும். விளையாடாத நாட்களில் பற்றரியைக் கழற்றி, பொம்மையை மூடிய பிஸ்கட் தகரத்தில் வைப்போம். அட்டைப் புதிர் ஈரத்தில் ஊறிப்போகும்; எங்கள் பக்கத்துக்கு மரமும் பிளாஸ்டிக்கும்தான் நீடிக்கும்.

பிள்ளை வளரும், சாமான் மாற வேண்டும். ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கிக்கொண்டிருக்க முடியாது. 1963இல் சுவீடனின் ஸ்டொக்ஹோமில் விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக விளையாட்டுச் சாமான் இரவல் கொடுக்கும் நூலகம் ஒன்று தொடங்கியது. லெகோடெக் என்ற அந்த முயற்சி பல நாடுகளுக்குப் பரவியது. அதை நாமும் செய்யலாம். ஒரு பெரிய டப்பா, பெயர் எழுத ஒரு கொப்பி, திரும்பி வரும் சாமானைக் கழுவி வைக்க ஒருவர். பிள்ளைக் காம்பராவிலோ ஆலய மண்டபத்திலோ மாதம் ஒரு நாள் திறந்தால் போதும்.

தோட்டங்களில் நத்தார் பரிசு வழங்கும் பங்குகளையும் இளைஞர் சங்கங்களையும் நன்கொடையாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொம்மை வாங்கும் பட்டியலை இந்த வருடம் மாற்றுங்கள். உங்கள் பிரிவில் உள்ள விசேட தேவையுள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு முதல் ஞாயிறிலேயே போய், அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வாங்குங்கள்.